தில்லிக் காற்றும் நம்ம இம்யூனிட்டியும்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. ஒரு ஆஸ்பத்திரியின் நுரையீரல் பரிசோதனை அறையில் டெக்னீஷியன். மூக்கில் கிளிப்பை மாட்டி, வாயில் அட்டைக் குழாயைக் கொடுத்து, "நல்லா இழுங்க, இப்ப ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்" என்று நாள் முழுக்க ஹிந்தியில் கத்துகிற வேலை. நம்ம ஊர்க்காரர் யாராவது வந்தால் தமிழில் கத்துவேன். வீடு மயூர் விஹாரில். அக்டோபர் கடைசியில் மூடுபனி மாதிரி அந்தச் சாம்பல் நிறம் இறங்கியதும், லிஃப்டில், கோயில் பிரசாத வரிசையில், கல்யாணப் பந்தியில் என்று பார்க்கிற இடமெல்லாம் ஒரே மாதிரிக் கேள்விகள் வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வற்றிப் போனதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

அக்கா, பி.எம். 2.5, பி.எம். 2.5-ன்னு சொல்றாங்களே, அது ஏதாவது கேஸா?

கேஸ் இல்லை, துகள். குறுக்களவு 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் கீழேயும் இருக்கிற எல்லாத் துகளுக்கும் சேர்த்து வைத்த பெயர். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 50 முதல் 70 மைக்ரோமீட்டர் இருக்கும், அப்படியென்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். டீசல் கரி, குப்பை எரித்த புகை, வயலில் வைக்கோல் எரித்த புகை, அனல் மின் நிலையத்திலிருந்து வருகிற கந்தகம் காற்றிலேயே மாறி உண்டாகிற சல்பேட் எல்லாமே இதில் அடக்கம். அதனால் இது ஒரே பொருள் இல்லை, ஒரு கதம்பம்.

பெரிய தூசியை மூக்கு முடியும் சளியும் பிடித்துவிடும், தும்மினால் போச்சு. அடுத்த சைஸை மூச்சுக்குழாயில் உள்ள நுண்ணிய இழைகள் துடுப்புப் போட்டு மேலே தள்ளிவிடும். 2.5-க்குக் கீழே போனால் நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரைக்கும் இறங்கிவிடும், அங்கே துடுப்பும் கிடையாது சளியும் கிடையாது. மிக மிகச் சின்னதாக இருப்பவை ரத்தத்துக்குள்ளேயே போய்விடும்.

இம்யூனிட்டின்னா உடம்புல இருக்கற ஒரு சக்திதானே? பொல்யூஷன் அதைக் குறைச்சிடும், அவ்வளவுதானே?

அவ்வளவுதான் என்று சொல்ல முடியாது, பாதிக் குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. நிறைய பேர் இம்யூனிட்டியைத் தண்ணீர்த் தொட்டி மாதிரி நினைக்கிறார்கள். குறைந்தால் மோட்டார் போட்டு ஏற்றிவிடலாம் என்று. அது தொட்டி இல்லை. நம்ம சொசைட்டி வாசலில் இருக்கும் வாட்ச்மேன்கள் மாதிரி, பல ஷிஃப்ட், பல ஆட்கள், ஒருவருக்கொருவர் விசில் கொடுத்துக்கொண்டு வேலை செய்கிறவர்கள்.

நீண்ட நாள் மாசு என்ன செய்கிறது என்றால், இந்த வாட்ச்மேன்களை இரண்டு விதத்தில் கெடுக்கிறது. திருடன் வரும்போது தூங்குகிறார்கள், பால்காரர் வரும்போது தடியை எடுக்கிறார்கள். கிருமியை எதிர்க்கிற திறமை மங்குகிறது, அதே சமயம் எதிர்க்க வேண்டாத விஷயங்களுக்கு, அதாவது மகரந்தம், வீட்டுத் தூசி, சில பேருக்குச் சொந்தத் திசு, இவற்றுக்கு எதிராகக் கலாட்டா செய்வது கூடுகிறது. இந்த இரட்டைக் கெடுதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே நிறைய கேள்விக்கு இதுதான் அடிப்படை.

உள்ள போன தூசி அப்படி என்னதான் செய்யுது? வெளியில வந்துடாதா?

கொஞ்சம் வரும். காற்றுப்பைகளில் மேக்ரோஃபேஜ் என்று ஒரு செல் உண்டு, துப்புரவுப் பணியாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருகிற கிருமி, தூசி எல்லாவற்றையும் விழுங்கும். கிருமியை விழுங்கினால் ஜீரணித்துவிடும். கரியை எப்படி ஜீரணிப்பது? வயிற்றில் கல்லைப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும் அதன் நிலைமை. போதாததற்குத் துகளோடு ஒட்டிக்கொண்டு வரும் இரும்பு, செம்பு மாதிரி உலோகங்கள் அந்தச் செல்லையே சிதைக்கும். செல் உதவிக்கு ஆள் கூப்பிடும், அழற்சி உண்டாகும், அடுத்த நாளும் அதே கதை. ஒரு வாரம் என்றால் உடம்பு சமாளித்துக்கொள்ளும். பத்து வருஷம் என்றால் அந்த அழற்சி அணையாத கங்கு மாதிரி உள்ளேயே இருந்துகொண்டிருக்கும்.

இதைக் கண்ணால் காட்டிய ஆராய்ச்சி ஒன்று 2022-ல் வந்தது. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டோனா ஃபார்பரின் குழு, 11 வயது முதல் 93 வயது வரை உள்ள 84 உறுப்பு தானம் செய்தவர்களின் நிணநீர்க் கணுக்களை, அதாவது எதிர்ப்பு செல்கள் கூடுகிற சின்ன முடிச்சுகளைப் பார்த்தது. நுரையீரலை ஒட்டிய கணுக்கள் வயது ஏற ஏறக் கறுத்துக்கொண்டே போயிருந்தன. குடலை ஒட்டிய கணுக்களில் அந்தக் கறுப்பு இல்லை. கரியை விழுங்கிய மேக்ரோஃபேஜ்கள் மற்றவற்றைவிட மந்தமாக இருந்தன, புதிதாக எதையும் விழுங்கும் திறன் குறைந்திருந்தது. வயதானவர்களுக்கு நிமோனியா, ஃப்ளூ எல்லாம் ஏன் அவ்வளவு கடுமையாக வருகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் வாதம். அவர்கள் பார்த்தது அமெரிக்கர்களை. தில்லிக் கணு எப்படி இருக்கும் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா!

இருபது வருஷமா இங்கதான் இருக்கேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே. உடம்பு பழகிடுச்சுன்னு சொல்லலாமா?

மூக்கு பழகும், நுரையீரல் பழகாது. ஊரிலிருந்து வருகிற மாமியாருக்கு ரயிலை விட்டு இறங்கியதுமே கண் எரிகிறது, உங்களுக்கு எரியவில்லை என்றால் உங்கள் உணர்வு மழுங்கிவிட்டது என்று அர்த்தம், பாதிப்பு இல்லை என்று அர்த்தமில்லை. நுரையீரலில் கையிருப்பு ஏராளம். மாடி ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்று நீங்கள் கவனிக்கிற நாளில் அந்தக் கையிருப்பில் கணிசமான பகுதி போயிருக்கும். சிகரெட்டையே தொடாத, "சும்மா செக்கப்புக்கு வந்தேன்" என்று சிரித்துக்கொண்டே உட்காருகிறவர் ஊதுகிறபோது, திரையில் செங்குத்தாக ஏறி ஒரே சரிவாக இறங்க வேண்டிய கோடு நடுவில் தொட்டில் மாதிரி தொய்ந்து இறங்குவதை வாரத்துக்கு இரண்டு தடவையாவது பார்க்கிறேன்.

தவிர, நீண்ட நாள் மாசினால் போகிற உயிர்களில் பெரும்பங்கு மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும்தான் போகிறது. முந்தைய பதிலில் சொன்ன அணையாத கங்கு ரத்தக்குழாய் வரைக்கும் பரவி, ரத்தம் சுலபமாக உறையும்படி செய்கிறது. 1993-ல் வெளியான ஹார்வர்டு ஆய்வு ஆறு அமெரிக்க ஊர்களில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 14 முதல் 16 வருஷம் பின்தொடர்ந்தது. புகைபிடிப்பது போன்றவற்றைக் கழித்த பிறகும், அதிக அழுக்கான ஊரில் சாவு விகிதம் சுத்தமான ஊரைவிட 26 சதவீதம் கூட இருந்தது. அந்த அழுக்கான ஊரின் அன்றைய காற்று இன்றைய தில்லிக் காற்றைவிட எவ்வளவோ தேவலை.

இன்னைக்கு ஏக்யூஐ 180 தான், பரவாயில்லைன்னு டிவியில சொன்னாங்க. ஆனா என் போன்ல வேற நம்பர் காட்டுதே?

ஏக்யூஐ, அதாவது காற்றுத் தரக் குறியீடு, அளவு இல்லை, மார்க் ஷீட். பல மாசுகளை அளந்து, அதில் எது மோசமோ அதை வைத்துப் போடுகிற மார்க். நம்ம அரசாங்கக் கணக்கு ஒரு விதம், அமெரிக்கக் கணக்கு ஒரு விதம். பி.எம். 2.5 ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் இருந்தால் இந்தியக் கணக்கில் 100. அதே 100-ஐ அமெரிக்கக் கணக்கு 35 மைக்ரோகிராமிலேயே போட்டுவிடும். இந்தியக் கணக்கு 500-க்கு மேல் போகாது, சில ஆப்கள் ஆயிரத்தைத் தாண்டியும் காட்டும். ரெண்டு பேரும் பொய் சொல்லவில்லை, அடிக்கோல்தான் வேறு.

எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. 400-ஐத் தாண்டினால்தான் எல்லோரும் பதறுகிறார்கள், 180 வந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார்கள். நோய் எதிர்ப்பு விஷயத்தில் கணக்கு ஆண்டு மொத்தத்தில்தான். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன ஆண்டு சராசரி வரம்பு 5 மைக்ரோகிராம். இந்தியாவின் 2009 வரம்பு 40. தில்லியின் ஆண்டு சராசரி சமீப வருஷங்களில் நூறை ஒட்டியே இருக்கிறது. நவம்பரின் இரண்டு மோசமான வாரங்களை மட்டும் தப்பித்துவிட்டு மீதி ஐம்பது வாரம் அலட்சியமாக இருந்தால் கணக்கு ஒன்றும் பெரிதாகக் குறையாது.

டெல்லியில இருந்தா தினம் இத்தனை சிகரெட் பிடிச்ச மாதிரின்னு வாட்ஸாப்ல வருதே, நிஜமா?

22 மைக்ரோகிராம் பி.எம். 2.5-ல் ஒரு நாள் இருந்தால் ஒரு சிகரெட்டுக்குச் சமம் என்று பெர்க்லி எர்த் என்ற அமைப்பு தோராயமாகப் போட்ட கணக்கு அது. சராசரி நூறு என்றால் நாலு, அஞ்சு வரும். சாவு அபாயத்தை மட்டும் வைத்துப் போட்ட ஒப்பீடு, ஒரு சுருக்கு வழி. சிகரெட்டில் உள்ள எல்லாமும் காற்றில் இல்லை, காற்றில் உள்ள எல்லாமும் சிகரெட்டில் இல்லை. ஒன்று மட்டும் நிச்சயம்: வெளிக்காற்று மாசைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகுப்புப் பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2013-லேயே சேர்த்துவிட்டது. புகையிலையும் அதே பட்டியலில்தான் இருக்கிறது.

திருச்சியில இருந்தவரை ஒரு தும்மல் கிடையாது. இங்க வந்து மூணாவது வருஷம் அலர்ஜி ஆரம்பிச்சது. ஊர்ல இருந்த அதே தூசிதானே இங்கயும்?

நல்ல கேள்வி. தூசி அதேதான், கூட வருகிற ஆள் வேறு. பால்காரரைப் பார்த்துத் தடியை எடுக்கிற வாட்ச்மேனைச் சொன்னேன் அல்லவா, அவரைத் தூண்டிவிடுவதில் டீசல் புகைக்குத் தனித் திறமை. லாஸ் ஏஞ்சலிஸில் 1990-களில் ஒரு பரிசோதனை செய்தார்கள். ராக்வீட் என்ற செடியின் மகரந்தத்துக்கு ஒவ்வாமை உள்ளவர்களின் மூக்கில் அதன் சாற்றை மட்டும் விட்டுப் பார்த்தார்கள், பிறகு டீசல் துகளோடு சேர்த்து விட்டுப் பார்த்தார்கள். சேர்த்து விட்டபோது ஒவ்வாமையை உண்டாக்கும் ஐஜிஇ என்ற எதிர்ப்புப் பொருள் பல மடங்கு எகிறியது. மகரந்தம் அதே அளவுதான்.

அதனால் "பரம்பரையில் யாருக்கும் இல்லையே" என்று குழம்ப வேண்டாம். புதிதாக அலர்ஜி வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் பிடிப்பதும் சகஜம். வாட்ச்மேன் முதல் நாளே தடியை எடுப்பதில்லை.

என் பையனுக்கு நாலு வயசு, மாசம் தவறாம சளி. எதிர்ப்பு சக்தி இல்லையா?

முதலில் மூச்சு விடுங்கள். ப்ளே ஸ்கூல் போகிற பிள்ளைக்கு வருஷத்துக்கு ஆறிலிருந்து எட்டுத் தடவை சளி பிடிப்பது எந்த ஊரிலும் நடப்பதுதான். அவன் இம்யூனிட்டி அப்போதுதான் பாடம் படிக்கிறது. எடை ஏறாமல் இருந்தால், நிமோனியா திரும்பத் திரும்ப வந்தால், ராத்திரி வீசிங் இருந்தால், இருமல் நாலு வாரம் தாண்டினால், அப்போது டாக்டரிடம் போயே ஆக வேண்டும்.

ஆனால் தில்லிப் பிள்ளைகள் விஷயத்தில் நான் சமாதானம் மட்டும் சொல்ல மாட்டேன். எடைக்கு எடை பார்த்தால் குழந்தை நம்மைவிட அதிகக் காற்றை இழுக்கிறது, ஓடுகிறது, வாயால் மூச்சு விடுகிறது. நுரையீரல் வளர்ந்துகொண்டிருக்கும் வயது வேறு. கல்கத்தாவின் சித்தரஞ்சன் தேசியப் புற்றுநோய் நிறுவனம் பல வருஷம் முன்பு தில்லிப் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தபோது 43.5 சதவீதம் பேருக்கு நுரையீரல் செயல்பாடு குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்த்த கிராமப்புறப் பிள்ளைகளில் அது 25.7 சதவீதம்.

இன்னொன்றையும் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை, வைட்டமின் டி. எதிர்ப்பு செல்கள் ஒழுங்காக வேலை செய்ய அது வேண்டும். புகைமூட்டம் அதற்குத் தேவையான யூவி கதிரை வடிகட்டிவிடுகிறது. 2002-ல் வெளியான ஒரு ஆய்வு, தில்லியின் மோரி கேட் பகுதிக் குழந்தைகளையும் அப்போது அவ்வளவு நெரிசல் இல்லாத குர்காவ் குழந்தைகளையும் ஒப்பிட்டது. ரத்தத்தில் ஒரு மில்லி லிட்டருக்கு வைட்டமின் டி மோரி கேட்டில் சராசரி 12 நானோகிராம், குர்காவில் 27. வெயில் இருக்கிற ஊர்தானே என்று நம்பி உட்கார வேண்டாம், பிள்ளைகள் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். நீங்களாகவே சொட்டு மருந்து வாங்கி ஊற்ற வேண்டாம், அதிகமானாலும் கெடுதல்.

அப்போ போடற தடுப்பூசியெல்லாம் வேஸ்ட்டா?

இல்லவே இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குப் பயமாக இருக்கிறது. சில வேதிப்பொருள்கள் தடுப்பூசியால் உண்டாகும் எதிர்ப்பைக் குறைக்கின்றன என்பது நிஜம். ஒட்டாத வாணலி, தண்ணீர் ஒட்டாத துணி இவற்றோடு சம்பந்தப்பட்ட பிஎஃப்ஏஎஸ் என்ற குடும்பம் இதில் பேர் போனது. ஃபாரோ தீவுகளில் செய்த ஆய்வு 2012-ல் வந்தது. ஐந்து வயதில் ரத்தத்தில் அந்தப் பொருள்கள் இரண்டு மடங்கு இருந்த பிள்ளைகளுக்கு, ஏழு வயதில் டெட்டனஸ், டிப்தீரியா எதிர்ப்பு ஏறக்குறையப் பாதியாக இருந்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2020-ல் வரம்பு வகுத்தபோது இந்தத் தடுப்பூசி விஷயத்தைத்தான் அடிப்படையாக எடுத்துக்கொண்டது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது "பூஸ்டரைத் தவறவிடாதே" என்பதுதான். வாட்ச்மேன் அரைத்தூக்கத்தில் இருக்கிறார் என்றால் திருடனின் போட்டோவையாவது அவர் கையில் கொடுத்து வைக்க வேண்டாமா? அறுபது தாண்டிய அப்பா அம்மா உங்களோடு இருந்தால் ஃப்ளூ ஊசியை வருஷா வருஷம் செப்டம்பர், அக்டோபரிலேயே போட்டுவிடுங்கள், நிமோனியா ஊசி பற்றியும் கேளுங்கள். ப்யூரிஃபையருக்கு இருபதாயிரம் செலவழிப்பவர்கள் இந்த ஊசிக்கு யோசிப்பது எனக்குப் புரியாத புதிர்.

மார்கழி மாசம் விடிகாலைல எழுந்து பஜனை, கோயில்னு போறது உடம்புக்கு நல்லதுன்னு அம்மா சொல்றா. போகலாமா?

இந்தக் கேள்விக்கு உண்மையைச் சொன்னால் எங்கள் வீட்டிலேயே திட்டு விழுகிறது. தஞ்சாவூரில் மார்கழி விடிகாலைக் காற்று நல்ல காற்று. தில்லியில் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை, அதாவது சரியாக அதே மார்கழியில், நாளிலேயே மோசமான நேரங்களில் ஒன்று விடிகாலை. ராத்திரி தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கீழேயே கிடக்கும். அதன்மேல் கொஞ்சம் சூடான காற்று மூடி போட்டுக்கொள்ளும். ராத்திரி முழுக்க லாரி விட்ட புகை, காவலாளிகள் குளிருக்கு எரித்த கட்டை, எல்லாம் அந்த மூடிக்குக் கீழே குக்கரில் வைத்த மாதிரி அடைந்து கிடக்கும். வெயில் ஏறித் தரை சூடானால்தான் மூடி தூக்கும், அதற்குப் பதினோரு மணி ஆகிவிடும். மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை கொஞ்சம் தேவலை.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிஷத்துக்கு ஆறிலிருந்து எட்டு லிட்டர் காற்று இழுக்கிறோம், வேகமாக நடந்தால் அது பல மடங்கு. ஐந்து மணிக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பார்க்கில் நாலு சுற்று வேகநடை போகிற மாமாக்கள் மூடிக்குக் கீழே இருப்பதைத் தேடிப்போய் இழுத்துக்கொண்டு வருகிறார்கள். ஆர்.கே. புரம் மலை மந்திருக்குப் போக வேண்டும் என்றால் போங்கள், சாமியைக் கும்பிட வேண்டாம் என்று நான் யார் சொல்ல! மாஸ்க் போட்டுக்கொண்டு மெதுவாக ஏறுங்கள். வாக்கிங்கை மட்டும் மதியத்துக்கோ, வீட்டுக்குள்ளேயோ மாற்றுங்கள். ஆஸ்துமா இருக்கிறவர்கள் திருப்பாவையை வீட்டிலேயே சொல்லலாம், ஆண்டாள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

ஜன்னலை மூடிட்டு வீட்டுக்குள்ளயே இருந்தா சேஃப்தானே?

வெளியிலிருந்து வருவது குறையும், நின்றுவிடாது. கதவிடுக்கு வழியாக மெல்ல மெல்ல உள்ளே வந்துகொண்டேதான் இருக்கும். ஆனால் எனக்கு அதைவிடக் கவலை, உள்ளேயே நாம் உண்டாக்குவது. ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுவதும் எரிந்தால் வெளியேறும் பி.எம். 2.5, 75 முதல் 137 சிகரெட் எரித்ததற்குச் சமம் என்று 2003-ல் ஒரு ஆய்வு அளந்து சொன்னது. மூடிய அறையில், தொட்டிலுக்குப் பக்கத்தில் அதை வைக்கிறோம். வலை கட்டுங்கள்.

ஊதுபத்தி, சாம்பிராணி, கற்பூரம் எல்லாமே புகைதான். நான் பூஜையை நிறுத்தச் சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் விளக்கு எரிகிறது. பத்தியை மட்டும் வெள்ளிக்கிழமைக்கு ஒன்று என்று குறைத்தேன். அப்புறம் தாளிப்பு. என் தோழி ஒருத்தி சின்ன அளவுமானி ஒன்று வாங்கி அடுக்களை மேடையில் வைத்திருந்தாள். நாற்பதில் நின்றுகொண்டிருந்த எண், மிளகாய் வற்றலை எண்ணெயில் போட்டதும் மூன்று இலக்கத்துக்குத் தாவியது, ஹாலில் உட்கார்ந்திருந்த ப்யூரிஃபையர் தானாகச் சிவப்பாகி உறும ஆரம்பித்தது. எக்ஸாஸ்ட் ஃபேனை அடுப்பு பற்றவைக்கும் முன்பே போடுங்கள், அணைத்த பிறகும் பத்து நிமிஷம் ஓடட்டும். மின்சாரக் கட்டணம் ஒன்றும் பெரிதாக ஏறாது.

மாஸ்க், ப்யூரிஃபையர், செடி: எதுக்குக் காசு செலவழிக்கலாம்?

என்-95 மாஸ்க்குக்குச் செலவழிக்கலாம். துப்பட்டா, துணி மாஸ்க், சர்ஜிக்கல் மாஸ்க் எல்லாம் பி.எம். 2.5-க்குக் கொசுவலையில் மாவு சலித்த கதை. என்-95 கூட முகத்தோடு ஒட்டி உட்கார்ந்தால்தான் வேலை செய்யும். காதில் மாட்டுகிறதைவிடத் தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை போகிற மாதிரி இருப்பது நன்றாக உட்காரும். தாடி வைத்திருந்தால் ஓரத்தில் காற்று புகும், அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

ப்யூரிஃபையர் வாங்குவதென்றால் நுண்துகளைப் பிடிக்கிற ஹெப்பா ஃபில்டர் உள்ளதாக, படுக்கையறைக்கு ஒன்று போதும். நாளில் மூன்றில் ஒரு பங்கு அங்கேதான் கழிகிறது. பெட்டியில் சிஏடிஆர் என்று ஒரு எண் போட்டிருக்கும், மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்று தரும் என்பது அது, அதைப் பாருங்கள். 12-க்கு 10 அடி அறை, உயரம் பத்தடி என்றால் சுமார் 34 கன மீட்டர். மணிக்கு ஐந்து தடவை அந்தக் காற்று முழுக்கச் சுற்றி வர 170 வேண்டும். ஓசோன் விடுகிற வகை வேண்டவே வேண்டாம், அதுவே நுரையீரலைப் புண்ணாக்கும். ஃபில்டரை மாற்றுங்கள். போன தீபாவளிக்கு அப்புறம் நான் கழற்றிய ஃபில்டர் வாங்கும்போது வெள்ளையாக இருந்தது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள், தோசைக்கல்லின் அடிப்பக்கம் மாதிரி இருந்தது. பகலில் ஒரு தடவை, மதியம், ஜன்னலைக் கொஞ்ச நேரம் திறக்கவும் வேண்டும், ப்யூரிஃபையர் கரியமில வாயுவை எடுக்காது.

செடி? அழகுக்கு வையுங்கள். மூடிய சின்னப் பெட்டிக்குள் செடி வைத்து நாசா 1989-ல் செய்த சோதனையைப் பிடித்துக்கொண்டு நர்சரிக்காரர்கள் பிழைக்கிறார்கள். நிஜ வீட்டில் அதே பலன் வேண்டும் என்றால் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடியாவது வேண்டும் என்று 2019-ல் கணக்குப் போட்டார்கள். அப்புறம் நாம் எங்கே உட்காருவது?

வெல்லம் சாப்பிட்டா தூசி வெளியேறிடுமாமே? கஷாயம், இம்யூனிட்டி பூஸ்டர் பொடி?

வெல்லத்துக்கு ஒரு கதை இருக்கிறது, முழுக்கக் கட்டுக்கதை இல்லை. லக்னோவில் உள்ள தொழிற்சாலை நச்சியல் ஆய்வு மையம் 1994-ல் எலிகளுக்கு நிலக்கரித் தூசி கொடுத்து, வெல்லமும் கொடுத்துப் பார்த்தது. வெல்லம் சாப்பிட்ட எலிகளின் நுரையீரலிலிருந்து தூசி நகர்வது கூடியிருந்தது. சுவாரசியமான விஷயம்தான், ஆனால் எலி எலிதான், அதை வைத்துத் தில்லியில் எல்லோரும் சாப்பாட்டுக்குப் பின் ஒரு கட்டி போட்டுக்கொள்கிறார்கள். சுகர் உள்ளவர்களும்! தயவுசெய்து வேண்டாம்.

மிளகு ரசம், சுக்குக் கஷாயம் தொண்டைக்கு இதம், சளி இளகும், குடியுங்கள். கரியை விழுங்கின மேக்ரோஃபேஜை அது எழுப்பிவிடாது. பூஸ்டர் பொடி பற்றி: இரண்டாவது கேள்வியைத் திரும்பப் படியுங்கள். ஏற்கெனவே பாதி நேரம் அநாவசியமாகத் தடியெடுக்கிற வாட்ச்மேனை இன்னும் உசுப்பிவிட்டு என்ன செய்யப் போகிறோம்? கீரை, பழம், பருப்பு, தூக்கம், இது போதும். பொடி விற்பவர்கள் என் மேல் கோபப்படட்டும்.

காத்து மட்டும்தானா? தண்ணி, காய்கறில வர்றது?

அதுவும் உண்டு. கங்கைச் சமவெளியின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஆர்சனிக் என்ற நச்சு இருக்கிறது. வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் கர்ப்பகாலத்தில் அதைக் குடித்த தாய்மார்களின் குழந்தைகளுக்குத் தைமஸ் சுரப்பி சின்னதாக இருந்தது. எதிர்ப்பு செல்கள் பயிற்சி பெறுகிற இடமே அதுதான். ஊருக்குப் போகும்போது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். கொதித்தால் கிருமி சாகும், ஆர்சனிக் சாகாது, தண்ணீர் வற்றினால் இன்னும் அடர்த்தியாகத்தான் ஆகும்.

ஈயம் இன்னொன்று. பெட்ரோலில் ஈயம் கலப்பது இந்தியாவில் 2000-த்தோடு நின்றுவிட்டது, அது நிஜமாகவே நல்ல மாற்றம். பழைய பெயின்ட், தரமில்லாத கண்மை, கலப்பட மஞ்சள்தூள் வழியாக இன்னும் வருகிறது. குழந்தைக்குக் கண்மை இடுகிற வழக்கத்தை விடமுடியாது என்றால் வீட்டிலேயே விளக்குக் கரியில் செய்த மையைக் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டாக வையுங்கள், கண்ணுக்குள் வேண்டாம்.

எனக்கு ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ். டெல்லிக் காத்தாலதான் வந்ததுன்னு சொல்லலாமா?

உங்கள் ஒருவர் விஷயத்தில் யாராலும் சொல்ல முடியாது. சொல்கிறேன் என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள். கூட்டமாகப் பார்க்கும்போது ஒரு போக்கு தெரிகிறது. இத்தாலியில் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்து 2022-ல் வந்த ஆய்வில், நீண்ட காலம் துகள் மாசு கூடுதலாக இருந்த இடங்களில் வாழ்ந்தவர்களுக்குத் ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ் மாதிரி, எதிர்ப்பு செல்கள் தன் உடம்பையே தாக்குகிற நோய்கள் வருகிற வாய்ப்பு சுமார் 12, 13 சதவீதம் அதிகம் இருந்தது. புகைபிடித்தல், பரம்பரை, பெண் உடம்பு, இவற்றுக்கெல்லாம் அதில் தனித்தனிப் பங்கு உண்டு. காரணம் எதுவானாலும் மருந்தை நிறுத்தாதீர்கள். அந்த மருந்துகள் எதிர்ப்பை அடக்குபவை என்பதால் மாஸ்க்கும் தடுப்பூசியும் உங்களுக்கு மற்றவர்களைவிட முக்கியம்.

சென்னைக்கே திரும்பிப் போயிட்டா சரியாயிடுமா?

ஒரு பகுதி சரியாகும், அதுவும் எதிர்பார்ப்பதைவிடச் சீக்கிரமாக. 2008 ஒலிம்பிக்ஸுக்காக பெய்ஜிங்கில் தொழிற்சாலைகளையும் வண்டிகளையும் கட்டுப்படுத்தியபோது, ஆரோக்கியமான இளைஞர்களின் ரத்தத்தில் அழற்சி, ரத்த உறைவு சம்பந்தப்பட்ட அளவுகள் சில வாரங்களிலேயே இறங்கின, கட்டுப்பாடு போனதும் மறுபடி ஏறின. தெற்குக் கலிஃபோர்னியாவில் காற்று வருஷக்கணக்கில் சுத்தமாகச் சுத்தமாக, அங்கே வளர்ந்த பிள்ளைகளின் நுரையீரல் முந்தைய செட் பிள்ளைகளைவிட நன்றாக வளர்ந்ததை 2015-ல் காட்டினார்கள். கங்கு அணையும்.

முழுசாகத் திரும்பாதது, பெரியவர்கள் இழந்த நுரையீரல் கொள்ளளவும், கணுக்களில் படிந்த கரியும். வந்துவிட்ட அலர்ஜியும் சில பேருக்குக் கூடவே ரயிலேறி வந்துவிடும். சென்னையும் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்புக்கு மேலேதான் இருக்கிறது, எண்ணூர், மணலிப் பக்கம் குடியிருப்பவர்களைக் கேளுங்கள். ஆனாலும் கடல் காற்று இருக்கிறது, தில்லியோடு ஒப்பிட்டால் சில மடங்கு தேவலை. போக முடிந்தவர்கள் போகட்டும். வேலையும் பிள்ளைகள் படிப்பும் இங்கே இருக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு மேலே சொன்னவைதான்.

இம்யூனிட்டி டெஸ்ட் பேக்கேஜ்னு லேப்ல ஆஃபர் போடறாங்க, எடுத்துப் பாக்கலாமா?

"உங்கள் இம்யூனிட்டி 62 சதவீதம்" என்று சொல்கிற டெஸ்ட் எதுவும் உலகத்தில் இல்லை. அந்தப் பேக்கேஜில் இருப்பது வழக்கமான ரத்தப் பரிசோதனைகள்தான், பெயர் மட்டும் புதுசு. காரணம் இருந்தால் டாக்டரே எழுதிக் கொடுப்பார். அந்தக் காசில் பாதிக்கு ஒரு ஸ்பைரோமெட்ரி, அதாவது என் அறையில் குழாயில் ஊதச் சொல்கிற அந்த நுரையீரல் பரிசோதனை, செய்துகொள்ளலாம், நாற்பது வயதுக்கு மேல் இந்த ஊரில் இருப்பவர்கள் ஒரு தடவையாவது செய்து ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் சொந்த அபிப்பிராயம். பிற்பாடு ஒப்பிட அது உதவும்.

டெஸ்டுக்கு வருகிற அன்று வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வராதீர்கள், இரண்டு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். இன்ஹேலர் எடுப்பவர்கள் அன்று காலை எடுக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பல்செட் இறுக்கமாக இருந்தால் கழற்ற வேண்டாம். இடுப்பில் பெல்ட்டைத் தளர்த்திக்கொள்ளுங்கள். மிச்சத்தை நான் கத்திச் சொல்கிறேன்.